இன்ஜின் கம்பெனியில் இருக்கிற என் பிள்ளைக்கு

கண்ணா,

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஒழுகினதை ஒருவழியாகச் சரிபண்ணிவிட்டோம். பெரியப்பா வீட்டு விஷயம் உனக்கே தெரியும், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. ஐந்து தடவை கூப்பிட்டோம், ஐந்து தடவையும் மருமகள்தான் எடுத்தாள், "தூங்குறார் மாமா" என்றாள். சரி, தூங்கு. நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ராத்திரியெல்லாம் உன் தீயணைப்புத் தொழிலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். "எங்க வண்டி க்விண்ட்ப்பா" என்று நீ ஒருமுறை சொன்னபோது நான் காதில் வாங்கவே இல்லை. பம்ப், தண்ணீர்த் தொட்டி, ஹோஸ், வண்டி மேலேயே நிற்கிற நீள ஏணி, கையால் தூக்கி வைக்கிற ஏணிகள், இந்த ஐந்தும் ஒரே வண்டியில் இருந்தால் க்விண்ட் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆதியில் தண்ணீர் அடிக்கிறதும் ஏணி வேலையும் தனித்தனியாகத்தானே இருந்திருக்கிறது. லண்டனில் தண்ணீர் அடிக்கிற படையை 1833 முதல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தின, மாடியில் மாட்டிக்கொண்ட ஜனங்களை இறக்குவதற்கு ஏணி வைத்திருந்தது வேறொரு தர்ம சங்கம். 1861-ல் டூலி தெருவில் பெரிய தீ. படைத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், அத்தனை அனுபவம் உள்ள மனிதர், சுவர் சரிந்து விழுந்து அங்கேயே போய்விட்டார். அந்த வரிக்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை. அதற்கப்புறம்தான் 1866-ல் நகரத்துக்கென்று ஒரு பொதுப் படை வந்தது, மறுவருஷம் சங்கத்தின் ஏணிகளும் அதோடு சேர்ந்தன.

உங்கள் அமெரிக்காவில் ஒரே துறைக்குள் இருந்தாலும் இன்ஜின் கம்பெனி வேறு, ஏணிக் கம்பெனி வேறு. கம்பெனி என்றால் ஒரு வண்டியும் அதன் ஆட்களும். நியூயார்க்கில் 1865-ல் சம்பள ஆட்கள் வந்தபோதும் அப்படித்தான். ஒரு கூட்டம் ஹோஸை இழுத்துப்போய்த் தண்ணீர் அடிக்கும், இன்னொரு கூட்டம் கதவை உடைத்து, உள்ளே ஆள் தேடி, புகை வெளியேறக் கூரையைப் பிளக்கும். அதையெல்லாம் ஊர் முழுக்க ஒரே வண்டியில் ஏற்றினது செயின்ட் லூயிஸ் நகரம், 1987-ல், நீல் ஸ்வெட்டானிக்ஸ் தலைவராக இருந்தபோது. இன்ஜின் வண்டிகள் இருந்த இடத்திலெல்லாம் க்விண்ட் வந்தது. யார் முதலில் போய்ச் சேருகிறார்கள், யார் அடுத்து வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் வேலையே பிரிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் வேறு மாதிரி, ஏணி வண்டியையும் ஒரு பம்ப் வண்டியையும் ஜோடியாக அனுப்புகிறார்கள், இரண்டுக்கும் ஒரே கேப்டன். எனக்கு அந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது.

ஏன் என்றால் வண்டி எத்தனை வேலையும் செய்யும், மனுஷனுக்கு இரண்டு கைதான். ஏணியைத் தூக்கி நிறுத்திவிட்டால் வண்டியை நகர்த்த முடியாது. தண்ணீர் தயாராகும் முன்னால் கூரையைத் திறந்தால் காற்று புகுந்து தீ இன்னும் எகிறும். அதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் எத்தனை பேர் போகிறீர்கள்? நான்கு பேராவது இருக்கிறீர்களா? ஹோஸ் யார் கையில், கூரைக்கு யார் ஏறுகிறார்கள்? அன்றைக்கு ஏறினது யார்? இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை.

தீ அணைந்த பிறகும் முகமூடியைக் கழற்றாதே. எரிந்ததைக் கிளறும்போதும் விஷக்காற்று இருக்கும் என்று போட்டிருந்தது. வெளியே வந்ததும் குளி. நேரத்துக்குச் சாப்பிடு. அப்புறம், முகமூடியைக் கழற்றாதே.

அவ்வளவு நல்ல சம்பளத்தை முப்பத்துமூன்று வயதில் உதறிவிட்டுப் போனாயே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எட்டு வயதில் கிணற்றில் இறங்கி ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தானே நீ. ஊரே மெச்சினது. நான் மட்டும் அன்றைக்கு உன்னைப் பெல்ட்டால் அடித்தேன். பயத்தில் அடித்தேன் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உன்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்த விழாவுக்கு நீ டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றாய், முழங்கால் வலி என்றேன். வலி இல்லை. விசாவும் கையில் இருந்தது. அதைவிடக் கேவலம், இங்கே யார் கேட்டாலும் "இன்ஜின் கம்பெனியில் இருக்கிறான்" என்றுதான் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் ஏதோ பெரிய மோட்டார் தொழிற்சாலை என்று நினைத்துக்கொண்டார்கள், நினைக்கட்டும் என்றே விட்டேன். போன கல்யாணத்தில் சித்தப்பா "இன்ஜின் டிசைன் பண்றானா?" என்று கேட்டதற்குத் தலையாட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

தை மாதம் சித்தப்பா வீட்டில் விசேஷம் இருக்கிறது. அங்கே எல்லார் முன்னாலும் நானே சொல்லப்போகிறேன், எரிகிற வீட்டுக்குள் போகிறவன் என் பிள்ளை என்று. எந்தக் கம்பெனி, எத்தனையாம் நம்பர் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். உன் வண்டி நம்பர்கூட எனக்குத் தெரியாது கண்ணா. அதை மட்டுமாவது எழுதி அனுப்பு. பேச முடிந்தால் கூப்பிடு, ராத்திரி எத்தனை மணியானாலும் போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அப்பா