சோம்பல் இல்லை ஐயா, குழாய் நுழையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இருசக்கர வாகனப் பராமரிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டயர் என்று வந்ததும், வாரம் ஒரு முறை காற்றைப் பாருங்கள், இதற்குக்கூடவா சோம்பல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எழுதியவர் பைக் ஓட்டுபவராகத்தான் இருக்க வேண்டும். ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வால்வைத் தேடி, சைலன்சரில் முழங்கையைச் சுட்டுக்கொண்டவர் யாரும் அந்த வார்த்தையைப் போட்டிருக்க மாட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 இன்ச் ரிம் என்றால் விட்டம் 25 சென்டிமீட்டர் சொச்சம். அதன் நடுவில் 13 சென்டிமீட்டர் பிரேக் டிரம் உட்கார்ந்துவிட்டால் சுற்றிலும் மிஞ்சுவது ஆறு சென்டிமீட்டர். ரிம்மின் உள்குழிவு அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும், வால்வே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். மீதி இருக்கிற விரற்கடை இடத்தில் காற்றடிக்கும் இடத்துப் பித்தளைத் தலை எப்படி நேராக உட்காரும்? பக்கவாட்டிலாவது வழி இருக்கிறதா என்றால் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இடப்பக்கம் இன்ஜினும் பெல்ட் பெட்டியும் அடைத்துக்கொள்கின்றன, வலப்பக்கம் சைலன்சர். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின் ஸ்கூட்டர் என்றால் இன்னும் மோசம். நின்றபடி ஓட்டும் குட்டி மின் ஸ்கூட்டர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தலை நேராக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குழாயைச் சாய்வாக வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி மட்டும் அமுங்கும், சுற்றிலும் அடைப்பு விழாது. காற்றடிப்பவர் புஸ் புஸ் என்று நாலு தடவை முயன்றார், சரியாகிவிட்டது, போங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அளந்தால் போனபோது இருந்ததைவிடக் காற்றழுத்தம் 6 பி.எஸ்.ஐ. குறைவு! ஸ்கூட்டர் டயருக்குள் இருப்பதே சில லிட்டர் காற்றுதான், காருக்கு இருப்பதுபோல் தாராளம் இல்லை, ஒரு நொடி புஸ் என்றாலும் முள் இறங்கிவிடும். அதற்கப்புறம் நானும் தள்ளிப்போட ஆரம்பித்தேன். ஓட்டை எதுவும் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகக் குறையும் என்பார்கள், மூன்று நாலு மாதம் அப்படியே ஓட்டினால் வளைவில் பின்பக்கம் இழுபடுவது தெரியும், டயர் ஓரங்களில் தேயும், வண்டி கனமாக ஓடும். எனக்கு இது எல்லாமே வந்தது. இதைச் சோம்பல் என்று சொன்னால் கோபம் வராதா?

சரி, புலம்பல் போதும். நான் கண்டுபிடித்த வழியையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுவிடுங்கள், பின்சக்கரம் கையால் சுற்றும். வால்வு பின்பக்கமாக, எண் பலகைக்குக் கீழே வரும்படி திருப்பி நிறுத்துங்கள், அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் கை கொஞ்சம் தாராளமாக நுழையும். ஒவ்வொரு முறையும் வால்வைத் தேட வேண்டாமென்று டயரின் பக்கச் சுவரில், வால்வுக்கு நேராக, வெள்ளைப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். பார்ப்பவர்கள் திருஷ்டிப் பொட்டா என்று கேட்கிறார்கள், கேட்கட்டும். முன்சக்கரத்துக்கு வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டால் போதும், அங்கே இவ்வளவு அவஸ்தை இல்லை.

அடுத்தது பம்பு. அழுத்திப் பிடிக்கும் தலையும் வேண்டாம், நெம்புகோல் வைத்த தலையும் வேண்டாம், இரண்டுக்குமே இடம் தேவை. முனையில் மரை வைத்து, விரலால் திருகி மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய் உள்ள பம்பாகப் பாருங்கள், அதற்கு இரண்டு விரல் நுழைந்தால் போதும். ஸ்கூட்டர், கார் இரண்டிலும் இருப்பது ஒரே வகை வால்வு என்பதால் கார் டயருக்கு விற்கும் சிறிய மின் பம்பும் பொருந்தும், காலால் மிதிக்கும் பம்பும் பொருந்தும். குழாயைக் கழற்றும்போது கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று முறை கழற்றியபின் தனியாக அளந்து பார்த்தால் உங்கள் குழாயில் எவ்வளவு போகிறது என்று பிடிபட்டுவிடும், அப்புறம் அந்த அளவைச் சேர்த்தே அடித்துவிடலாம். அளக்கும் கருவியிலும் இதே விதிதான், பேனா மாதிரி நேராக இருப்பது டிரம்மில் இடிக்கும், குழாய் வைத்தது வேண்டும்.

குழாய் நுழையாதவர்களுக்குக் கடைகளில் எல் வடிவத்தில் வளைந்த ஒரு பித்தளைத் துண்டு கிடைக்கும், வால்வின் தலையில் திருகிக்கொள்ளலாம். நல்ல சாமான்தான், ஆனால் காற்றடித்ததும் கழற்றிவிட வேண்டும். நான் கழற்றாமல் விட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது 10 இன்ச் சக்கரம் நிமிடத்துக்கு 700 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அந்தச் சுழற்சியில் 20 கிராம் பித்தளை ஒரு கிலோவுக்கு மேல் எடை தொங்குவதுபோல ரப்பர் வால்வை வளைத்து இழுக்கும். மூன்றே மாதத்தில் என் வால்வின் அடிப்பாகத்தில் விரிசல் விட்டது. நல்லவேளையாக வண்டி நின்றுகொண்டிருந்தபோதுதான் காற்று இறங்கியது. மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் காற்றழுத்த சென்சார்களை ரப்பர் வால்வில் மாட்டியிருப்பவர்களும் எடையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஒன்று இருக்கிறது, உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர்காரர்களுக்கு. அடுத்த முறை டயர் மாற்றும்போது, எப்படியும் டயரைக் கழற்றத்தான் போகிறார்கள், ரப்பர் வால்வை எடுத்துவிட்டு நட்டு போட்டு முடுக்குகிற, பக்கவாட்டில் வளைந்த உலோக வால்வைப் போடச் சொல்லுங்கள். ரிம்மில் இருக்கும் துளையின் அளவுக்கு அது பொருந்த வேண்டும், அளந்து வாங்குங்கள். மாட்டியபின் சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றி, பிரேக்கிலோ ஃபோர்க்கிலோ இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். நான் இரண்டு சக்கரத்துக்கும் போட்டுவிட்டேன். இப்போது குனிந்தால் வால்வு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஒரு சக்கரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ட்யூப் வைத்த டயருக்கு இது ஆகாது, அவர்கள் டயர் மாற்றும்போது வளைந்த வால்வு வைத்த ட்யூபாகக் கேட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு அடிப்பது என்பதிலும் ஒரு குழப்பம். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு உரியது அல்ல. உரியது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் அல்லது கையேட்டில் இருக்கும், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, பின்னால் ஆள் உட்கார்ந்தால் பெரும்பாலும் இன்னொன்று. அந்த எண்ணெல்லாம் ஆறிய டயருக்குச் சொன்னது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிவிடும், ஓட்டி வந்த சூட்டோடு அளந்துவிட்டு அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பதுதான் சரி, சைலன்சரும் சுடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வளைந்த வால்வு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை, சில பைக்குகளில் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. அதிகம் தேவைப்படும் ஸ்கூட்டரில் அதை ஏன் எல்லோரும் போடுவதில்லை என்று தயாரிப்பாளர்களைக் கேட்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். புது வண்டி வந்தால் நான்கு பக்கம் எழுதுகிறீர்கள், மைலேஜ், சீட்டுக்கு அடியில் எத்தனை லிட்டர் இடம், திரையில் என்னென்ன தெரிகிறது என்று எல்லாம் வருகிறது. அடுத்த முறை உங்கள் நிருபரை ஒரு சாதாரணக் காற்றுக் குழாயுடன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். குழாய் நுழைந்ததா இல்லையா என்று ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
முழங்கையில் சைலன்சர் தழும்புள்ள ஒரு வாசகர்