நம் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பின்வரிசையில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் ஜூனியர் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானதை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. குன்னூரில் பழக்கண்காட்சி சமயத்தில் நடத்தும் போட்டி நல்லபடியாக நடந்தது. வடகிழக்குப் பருவமழையில் கோர்ட் முழுக்கப் பாசி பிடித்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம், அடுத்த மழையில் மறுபடியும் பச்சை. லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் குதித்துப் பந்து போடுவது) போட ஓடுகிறவன் காலை உடைத்துக்கொள்வான் என்பதால் பயிற்சியைப் பல நாள் நிறுத்தினோம். கணக்கைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார், சந்தேகங்களை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மழை நாட்களில் பிள்ளைகளைச் சும்மா திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வெலிங்டனில் இருந்து வரும் நம் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாதான் யோசனை சொன்னார்: இந்திய அணி வெளிநாடுகளோடு மோதிய கதையைச் சொல்வோம் என்று. அமெரிக்காவின் என்பிஏ லீக் வீரர்கள் எந்த ஷூ போடுகிறார்கள் என்பதுவரை தெரிந்த பிள்ளைகளில் பலருக்கு, நம் ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறது என்பதே புதுச் செய்தியாக இருந்தது.

ஆடியது ஒரே ஒரு முறை, 1980 மாஸ்கோவில். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதைக் கண்டித்து அமெரிக்காவோடு சீனா, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. காலியான இடத்தில் நமக்கு அழைப்பு வந்தது. 12 அணிகளில் 12ஆவது இடம். சோவியத் அணியிடம் 121-65. பிள்ளைகள் சிரித்தார்கள். ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த 65 பாயிண்டை யாரிடம் எடுத்தார்கள் தெரியுமா? அது அப்போது உலகத்தையே மிரட்டிய அணி" என்றார். அந்தத் தொடரில் நமக்காக அதிகம் குவித்த அஜ்மேர் சிங் பிறகு அர்ஜுனா விருது வாங்கினார். உலகை மிரட்டிய அந்தச் சோவியத் அணிக்கும் சொந்த ஊரில் வெண்கலம்தான் கிடைத்தது, தங்கம் யுகோஸ்லாவியாவுக்கு.

என் கருத்தைக் கேட்டால், மாஸ்கோவைவிடப் பெரியது 1975. பாங்காக்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் சீனா, ஜப்பான், தென் கொரியாவுக்கு அடுத்து நான்காவது இடத்தில் இந்தியா. தெருவுக்குத் தெரு ரிங் மாட்டி ஆடும் பிலிப்பைன்ஸ் நமக்குக் கீழே. யாரும் வராததால் கிடைத்த இடம் இல்லை அது, ஆடி எடுத்தது. ஆசியப் போட்டியில் நம் ஆண்கள் அணி இன்றுவரை அதைத் தாண்டவில்லை. உலகக் கோப்பையை எட்டிப் பார்த்ததும் இல்லை.

பிள்ளைகள் மறுபடியும் மறுபடியும் கேட்டது 2014 ஜூலை கதையைத்தான். ஊஹானில் நடந்த ஆசியக் கோப்பையில், சீன மண்ணிலேயே சீனாவை 65-58 என்று சாய்த்தோம். அங்கே வந்தது சீனாவின் இளம் அணிதான், உண்மை. ஆனால் 2016இல் தெஹ்ரானில் மறுபடியும் 70-64 என்று ஜெயித்தோமே! ஊஹானில் இன்னொன்றும் நடந்தது. அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் இருவரையும் தலைப்பாகையைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று நடுவர்கள் நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 2017இல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா அந்த விதியையே மாற்றியது.

தங்கைகள் "எங்கள் கதை எங்கே?" என்று கேட்டார்கள், நியாயம்தான். 2009இல் பெண்கள் ஆசிய சாம்பியன்ஷிப் நம் சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பெண் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணியின் கேப்டன், பிறகு பத்மஸ்ரீ. 2017இல் பெங்களூரில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்று மேல் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே பாயிண்ட்! யாரும் தடுக்காமல் எறிந்து ஒரு பாயிண்ட் எடுக்கும் ஃப்ரீ த்ரோவுக்குப் பயிற்சி என்றால் முகம் சுளிப்பவர்கள் கவனிக்கவும்.

கதை கேட்டு ஊறிப்போன கூட்டத்தை நவம்பரில் வேன் பிடித்துச் சென்னைக்கே கூட்டிப்போனோம். ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இந்தியா கத்தாரிடம் தோற்று, அடுத்த ஆட்டத்தில் கஜகஸ்தானை வென்றது. நாங்கள் பார்த்தது வென்ற ஆட்டத்தை. தமிழ்நாட்டு வீரர் முயின் பெக் ஹபீஸைப் பக்கத்தில் பார்த்த நம் தம்பிகளுக்கு மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்வரை தொண்டை அடங்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் இருவர் வாந்தி எடுத்ததையும் பதிவு செய்கிறேன்.

மார்ச்சில் பஹ்ரைனில் கடைசித் தகுதிச்சுற்றையும் இந்தியா தாண்டியது. ஆகஸ்டில் சவுதியின் ஜெத்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் ஜோர்டானைக் கூடுதல் நேரம்வரை இழுத்து, கடைசியில் கோட்டைவிட்டது. மற்ற இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. இந்த அறிக்கை ஆண்டுக்கு வெளியே நடந்ததுதான், ஆனால் சொல்லாமல் விட்டால் தம்பிகள் என்னை விடமாட்டார்கள்.

இதையெல்லாம் பேசப் பேச எனக்கு ஒன்று பட்டது. ஒரு பெரிய தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவில் நம் தேசிய அணிக்கு வலுவான எதிரிகள் கிடைத்தது வெகு குறைவு. 2017 கடைசியில் ஃபீபா சொந்த நாட்டிலும் எதிரி நாட்டிலும் மாறிமாறி ஆடும் உள்ளூர்-வெளியூர் ஆட்டமுறையைத் தகுதிச்சுற்றில் கொண்டுவந்த பிறகுதான் தொடர்ந்து ஆட வழி பிறந்தது. நம் நிலைமையும் அதேதான். குன்னூருக்குள்ளேயே நமக்கு நாமே ஆடி, நமக்கு நாமே கை தட்டிக்கொள்கிறோம். கோயம்புத்தூர் அணியோடு மோதும்போது முதல் கால்பகுதியிலேயே திணறுகிறோம்.

ஆகவே செயற்குழு சார்பில் இரண்டு கோரிக்கைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரும் ஆண்டில் ஜூனியர் ஆண், பெண் அணிகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கீழே அழைத்துப்போய் ஆடவைக்க வேன் வாடகைக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். அப்புறம், மழைக்கு முன்பே கோர்ட்டின் கிழக்குப் பக்க வடிகாலைத் தூர்வார அனுமதி வேண்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று தேநீர் குடிக்கும் முன் பொருளாளரைப் பார்த்துவிட்டால் இரண்டுமே நடக்கும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்