பயோடேட்டாவில் வராத ஓராண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெறும் வேதிப்பொறியியல் பேராசிரியர் ஒருவரைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பேப்பர், எத்தனை காப்புரிமை, எத்தனை பேருக்கு பிஎச்டி வழிகாட்டினார் என்று எல்லாம் இருந்தது. வகுப்பில் என்ன செய்தார் என்பதற்கு ஒரே ஒரு வரி. அதே துறையில் 31 ஆண்டு பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் பயோடேட்டாவில் ஓர் ஆண்டு காலி. பிஎச்டியின் இரண்டாம் ஆண்டு அது. வினையூக்கி நிரப்பிய குழாய்க்குள் வாயுவைச் செலுத்தி, மறுமுனையில் வருவதை அளக்க வேண்டும். உள்ளே போன நிறையும் வெளியே வந்த நிறையும் ஒத்துப்போக வேண்டும் என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. எனக்கோ நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துகொண்டே இருந்தது. வினையூக்கிமேல் கரி படிகிறது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து, அதற்குச் சமன்பாடுகூட எழுதிவிட்டேன். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒருநாள் லேப் உதவியாளர் எட்டிப் பார்த்து, "தம்பி, சோப்புத் தண்ணி போட்டுப் பார்த்தீங்களா?" என்றார். ஒரு நட்டைச் சுற்றித் தடவினோம். பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. கசிவு! சமன்பாடு குப்பைக்குப் போனது.

கணக்கு உதைத்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு, இயற்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் நான் சொன்னதெல்லாம் அந்த நட்டிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்று. கலந்த திரவங்களைக் காய்ச்சி வடித்துப் பிரிக்கும் கோபுரத்துக்குள் எத்தனை தட்டு வேண்டும் என்பதை இன்று மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். நான் கிராப் தாளில்தான் போடச் சொல்வேன். 1925-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த மக்கேப், தீல் இருவரும் தந்த முறை அது. வளைகோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் நடுவே படிக்கட்டு வரைந்து எண்ண வேண்டும்; ஒரு படி என்றால் ஒரு தட்டு. பழசுதான், சரி. ஆனால் உச்சியிலிருந்து திருப்பி அனுப்பும் திரவத்தை, அதாவது ரிஃப்ளக்ஸை, குறைத்துக்கொண்டே போனால் இரண்டு கோடும் நெருங்கி, பென்சில் முனை நுழையாத அளவுக்குப் படிகள் சிறுத்துவிடும். "சார், இது முடியவே முடியாது" என்று மாணவர் தலை நிமிர்ந்தால், அதற்குக் கீழே போனால் எத்தனை தட்டு வைத்தாலும் பிரிக்க முடியாத குறைந்தபட்ச ரிஃப்ளக்ஸ் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. திரையில் 'எரர்' என்று வந்தால் புரியுமா?

 

அடுத்த முறை இப்படி ஒருவரைப் பேட்டி எடுக்கும்போது, எந்தச் சோதனை சொதப்பியது, அதை யார் கண்டுபிடித்துச் சொன்னார் என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டிருந்தால் நெளிந்திருப்பேன். அந்த உதவியாளரின் பெயரை என் ஆய்வேட்டின் நன்றியுரையில்கூட நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதிப்பொறியியல் ஆசிரியர்