அடுத்த மேட்ச் எப்போது? இந்தியக் கால்பந்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இன்று 2025 டிசம்பர் 20. பத்து வருடத்துக்கு முன்னால் இதே நாளில்தான் கோவா ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் எங்கள் ஊர் கால்பந்துக் கிளப்பான 'சென்னையின் எஃப்சி' முதல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வாங்கியது. தொண்ணூறாவது நிமிடம் வரை 2-1 என்று கோவா முன்னால் இருந்தது. பிறகு அவர்கள் கோல்கீப்பர் கையில் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே போன ஓர் ஓன் கோல், இஞ்சுரி டைமில் எங்கள் மெண்டோசா போட்ட இன்னொரு கோல். இன்று காலை அந்தக் கடைசி நிமிடங்களை என் சின்ன மகனுக்கு செல்போனில் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தான். பார்த்து முடித்துவிட்டு, "நம்ம அடுத்த மேட்ச் எப்போப்பா?" என்றான்.

செப்டம்பரிலிருந்து இதையே கேட்கிறான். பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தது, கிளப்புகள் வேலையை நிறுத்தியது, கோர்ட்டுக்குப் போனது, லீக்கை நடத்த விட்ட டெண்டருக்கு ஒருவரும் வராதது, டிசம்பர் 8 ஆம் தேதியோடு லீக்கை நடத்தும் பழைய ஒப்பந்தம் முடிந்தது எல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு இப்போது பதினேழு வயது. 2015 டிசம்பரில் அவனுக்கு ஏழு. வெள்ளத்தில் வியாசர்பாடி மூழ்கியிருந்த நேரம் அது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். எங்கள் டிவி தண்ணீரில் போய்விட்டது. இறுதி ஆட்டத்தை எதிர்வீட்டு மாடியில், இருபது பேர் நடுவில், அவனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தேன். மெண்டோசா கோல் போட்டபோது என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அன்றிலிருந்து அவன் இந்த டீமின் பிள்ளை.

2018 மார்ச் 17, பெங்களூர் கந்தீரவா ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். அவனைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனேன். எங்கள் மெயில்சன் இரண்டு தடவை தலையால் முட்டிக் கோல் போட்டார், 3-2 என்று ஜெயித்தோம். நடுவில் ஆடியது எங்கள் ஏரியாப் பையன் தனபால் கணேஷ். "அப்பா, அவரு நம்ம கிரவுண்டுல ஆடினவரா?" என்று திரும்பும் ரயிலில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தான். வியாசர்பாடிப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கால்பந்தை நடத்துகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2020 பிப்ரவரி 29 அன்று நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 என்று அடித்தோம். நானும் அவனும் சேர்ந்து பார்த்த கடைசி மேட்ச் அது. அடுத்து வந்த இறுதி ஆட்டம் கொரோனாவால் ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்தது. பின் இரண்டு சீசன் முழுக்க கோவாவில். எங்கள் மேட்ச் ஒன்றுகூடச் சென்னையில் இல்லை. நோய்க்காலம், அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். 2022 அக்டோபரில் ஸ்டேடியம் திறந்ததும் டிக்கெட்டோடு வீட்டுக்கு ஓடினேன். அவனுக்குப் பதினாலு வயது ஆகியிருந்தது. "நீ போய்ட்டு வாப்பா, ஃப்ரெண்ட்ஸோட வெளிய போறேன்" என்றான். நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அவன் என்னோடு ஒரு மேட்சுக்கும் வரவில்லை.

அந்த டிக்கெட்டில்தான் சின்னவன் முதல் தடவை ஸ்டேடியத்துக்கு வந்தான். எட்டு வயது, கிளப் ஆரம்பித்த 2014 ஆம் வருடமே பிறந்தவன். பெரியமேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு படியேறி உள்ளே போனோம். விளக்கு வெளிச்சத்தில் புல் அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

1993 இல் இதே ஸ்டேடியத்தில் நேரு கோப்பை நடந்தபோது என் அப்பாவும் இப்படித்தான் என்னைக் கூட்டிப்போனார். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளி அவர். ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு சைக்கிள் கேரியரில் என்னை வைத்து மிதித்தார். எனக்கு அப்போது பதினொன்று. சின்னவனுக்கு இப்போது பதினொன்று.

அந்த வயதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எட்டிலிருந்து பதின்மூன்று வரை ஒரு பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்சுக்கு வருவான். தோற்றால் வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வருவான். யார் கோல் போட்டது, யார் கோட்டைவிட்டது என்று பேசின் பிரிட்ஜ் தாண்டும் வரை பேசிக்கொண்டு வருவான். பள்ளிக்கூடத்தில் நடந்தது, வாத்தியாரிடம் திட்டு வாங்கியது எல்லாம் அந்தப் பேச்சோடு பேச்சாக வெளியே வரும். வீட்டில் உட்காரவைத்துக் கேட்டால் வாயே திறக்க மாட்டான். நீங்கள் ஒரு சீசனைத் தள்ளிவைக்கலாம். அவன் வயதைத் தள்ளிவைக்க என்னால் முடியாது. பெரியவனிடம் ஒரு முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் பயப்படுகிறேன்.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் மேட்ச் தேதியை நீலப் பேனாவால் வட்டம் போடுவது அவன் வேலை. கடந்த ஏப்ரல் வரை வட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு அக்டோபரில் மூன்று, கோவாவில் நடந்த, லீக்கோடு சேராத சூப்பர் கப்புக்கு. அதோடு சரி. பரீட்சைத் தேதி, கேஸ் புக் பண்ணிய தேதி, அவன் அம்மா எழுதிய பால் கணக்கு மட்டும்தான் மிச்சம். போன வாரம் மளிகைக் கடையில் 2026 காலண்டர் கொடுத்தார்கள். அதை வாங்கிவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனேன். பெற்ற பிள்ளை முன்னால் அப்படிப் போவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்களிலும் அப்பாக்கள் இருப்பீர்கள்.

கோபமாகவும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. இந்த அக்டோபரில் நம் நாடு சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடம் தோற்றோம். லீக் நடக்காமல் ஆட்டக்காரன் எங்கே ஓடிப் பழகுவான்? மாதச் சம்பளத்தை நம்பியிருக்கிற ஆட்டக்காரர்கள், புல் வெட்டுகிறவர், ஸ்டேடிய வாசலில் ஜெர்சியும் சுண்டலும் விற்கிறவர்கள் இந்த ஐந்து மாதம் எப்படிச் சாப்பிட்டார்கள்? எங்கள் தெருவில் இன்றைக்கும் காலை ஐந்தரைக்கெல்லாம் பிள்ளைகள் வெறுங்காலில் பந்து உதைக்கிறார்கள். யாரைப் பார்த்து ஆட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வேன்? தெருவில் பாதிப் பேர் ஆங்கிலேயக் கிளப்புகளின் ஜெர்சியில்தான் திரிகிறார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த லீக்குகளில் எந்தத் தேதியில் யாரோடு ஆட்டம் என்பது சீசன் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு லீக் உண்டா என்பதே தெரியவில்லை.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். தேதியைச் சொல்லுங்கள். முழு சீசன் முடியாது என்றால் பாதியாவது நடத்துங்கள். சென்னையில் ஐந்தே ஐந்து மேட்ச் என்றாலும் சரி. யார் பணம் போடுவது என்று நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். அதற்குள் விளையாட்டைத் தொடங்கிவிடுங்கள். அடுத்த சீசன் அட்டவணையை ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வெளியிடுங்கள். ஷிஃப்ட் வேலை செய்கிறவன் நான். தேதி முன்னால் தெரிந்தால்தான் லீவு மாற்றிக்கொள்ள முடியும். முடிந்தால் இன்னொன்றும்: மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும்போது ராத்திரி ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களைக் குறைத்து, சனி, ஞாயிறு மாலைகளில் அதிகம் வையுங்கள். பிள்ளைகள் தூங்கி வழியாமல் கடைசி விசில் வரை பார்ப்பார்கள்.

டிசம்பர் 24 முதல் அரையாண்டு விடுமுறை. வீட்டில்தான் இருப்பான், ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்பான். அதற்குள் ஒரு தேதி சொன்னீர்கள் என்றால் பெரிய உதவியாக இருக்கும். பேனா காலண்டர் ஆணியிலேயே நூல் கட்டித் தொங்குகிறது.

பணிவுடன்,
ஓர் அப்பா
வியாசர்பாடி, சென்னை
20 டிசம்பர் 2025