புது கட்டடம் பத்தி ஒரு விஷயம், எல்லாரும் படிச்சிடுங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

புது வகுப்பறை ப்ளான் நம்ம குரூப்புல வந்ததுல இருந்து ஒரே பாராட்டுதான், முன்பக்கம் முழுக்க கண்ணாடி, பெரிய ஸ்கூல் மாதிரி இருக்குன்னு. எனக்கும் மொதல்ல பாத்தப்ப ஆசையாதான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த கண்ணாடி மேற்கு பாத்து நிக்குது, சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணிக்கு மேல மூணாங்கிளாஸ் புள்ளைங்க உக்காரப்போறது அதுக்கு நேர் பின்னாடி. ஏசி போட்டுக்கலாம்னு ஒரு அப்பா எழுதியிருந்தீங்க. போடலாம் சார், மாசா மாசம் பில்லு யாரு கட்டுறது, கரண்ட் போச்சுன்னா தொறக்க ஜன்னலே இல்லாத ரூம்ல முப்பத்தஞ்சு புள்ளைங்கள வச்சுக்கிட்டு டீச்சர் என்ன பண்ணுவாங்க?

அதனால போன வாரம் ப்ளானை மடிச்சு வச்சுட்டு, உள்ள இருக்கப்போறவங்களையே கேட்டேன். ரெண்டாங்கிளாஸ் பொண்ணுங்க சொன்னது, பாத்ரூம் தாழ்ப்பாள் எட்டலையாம், அதான் எப்பவும் ரெண்டு ரெண்டு பேரா போறாங்க, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவை புடிச்சுக்கிட்டு நிக்கிறா. பதினோரு வருஷமா இங்க இருக்கேன், நல்ல ஃப்ரெண்ட்ஸ் போல, ஜோடியாவே போகுதுங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒரு பையன் உக்காந்தா ஜன்னல்ல வானம் மட்டும்தான் தெரியுது, வேப்பமரம் தெரியலைங்கிறான், நிக்கிற டீச்சர் ஒசரத்துக்கு வச்ச ஜன்னல் அது. கூட்டுற அக்கா, வராண்டாவுக்கு வாட்டம் உள்பக்கமா விட்டுட்டாங்க, மழை பெஞ்சா தண்ணி கிளாஸுக்குள்ளதான் வருதுன்னாங்க. வாக்கர் வச்சு நடக்குற பையனுக்கு சாய்தளம் வேணும், ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் விடணும், நம்ம ப்ளான்ல மூணு படி மட்டும் போட்டிருக்கு. இதுல ஒண்ணு கூட எனக்கா தோணல.

மண் செங்கல்னு நான் பேச்செடுத்ததும் 'மழையில கரையாதா, ஏழை வீடு மாதிரி இருக்குமே'ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. ஆப்பிரிக்காவுல புர்கினா ஃபாசோன்னு ஒரு நாடு, அங்க காண்டோங்கிற கிராமத்துலயும் இதே பேச்சுதான் வந்திருக்கு. அந்த ஊர்ல பொறந்து ஜெர்மனியில படிச்ச டியேபேதோ ஃபிரான்சிஸ் கெரே, சின்ன வயசுல அடுப்பு மாதிரி கொதிக்கிற கிளாஸ்ல உக்காந்து படிச்சவர். அவர் ஊருக்கு ஸ்கூல் கட்ட வந்து களிமண்ணுன்னதும் ஜனங்க நம்பல, செஞ்சு காட்டிதான் நம்ப வச்சார். மண்ணுல கொஞ்சம் சிமெண்ட் கலந்த செங்கல், மேல செங்கல்லயே சீலிங், அதுக்கும் மேல கம்பி சட்டம் நிறுத்தி தகர கூரைய தனியா தூக்கி வச்சிருக்கார், நடுவுல காத்து ஓடுறதால தகரத்தோட சூடு கீழ எறங்குறதில்ல, உள்ள இருக்குற வெக்கையும் மேல போயிடுது. ஏசி கிடையாது. 2001ல முடிஞ்ச ஸ்கூல், புள்ளைங்க கூட அஸ்திவாரத்துக்கு கல்லு தூக்கியிருக்காங்க. 2022ல அவருக்கு பிரிட்ஸ்கர் பரிசு கொடுத்தாங்க, கட்டடக்கலைக்கு அதுதான் நோபல் மாதிரி.

அவ்ளோ தூரம் வேணாம்னா திருவனந்தபுரம் போய் லாரி பேக்கர்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டினதெல்லாம் பாருங்க. செங்கல்ல குத்தா நிறுத்தி நடுவுல இடைவெளி விட்டு கட்டுறது அவர் பழக்கம், கல்லு கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், உள்ள நிக்கிற காத்து வெயிலையும் தடுக்கும். நம்ம கொத்தனார் ஒருத்தருக்கு இது தெரியும்னு கேள்விப்பட்டேன்.

இன்ஜினியர்கிட்ட பேசிட்டேன். கண்ணாடிய எடுத்துட்டு மேற்கு பக்கம் வராண்டாவும், காத்து வர ஓட்டை ஓட்டையா விட்டு கட்டுற ஜாலி சுவரும், ஜன்னல் வடக்கு தெற்கா, புள்ளைங்க கண்ணு ஒசரத்துக்கு, மொட்டை மாடியில தட்டோடு பதிக்கிறது. படம் பாக்க முன்ன மாதிரி பளபளன்னு இருக்காது, அது நெசம்தான். வேப்பமரத்த வெட்டணும்னு பழைய ப்ளான்ல இருந்துச்சு, அதை நான் ஒத்துக்கவே இல்ல.

முடிவு எடுக்க எல்லாரும் வேணும். மீட்டிங் வழக்கம்போல காலையில ஆபீஸ் ரூம்ல இல்ல, வர்ற வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு, மேற்கு பாத்த மாடி ரூம்ல. ஒரு மணி நேரம் புள்ளைங்க பெஞ்சுலயே உக்காந்து பேசுவோம். தாழ்ப்பாளை கீழ எறக்க நாளைக்கே ஆசாரி வர்றார், அதுக்கு மீட்டிங் தேவையில்ல.

தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்