அந்த பீரோவைக் காலி செய்யுங்கள், மாஸ்டர்

எங்கள் மாவட்டத்தில் ஜிம் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் உங்கள் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ரசீதுப் புத்தகத்தோடு நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு வந்திருந்தார்கள். ஆணழகன் போட்டிக்கு நன்கொடை. அழைப்பிதழும் கொடுத்தார்கள். பளபளப்பான தாள், எண்ணெய் பூசிய உடம்போடு எட்டுப் பேர், அவர்கள் காலடியில் தங்க எழுத்தில் 'போதையில்லா இளைஞர் சமுதாயம் படைப்போம்'. முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முதலாளி உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தங்க எழுத்தைப் படித்ததும் என் வாயில் வந்ததை நாலு வாடிக்கையாளர் நிற்கும் கவுண்டரில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஜிம்முக்குள் ஊசியும் மாத்திரையும் விற்பதை நிறுத்துங்கள். ஆபீஸ் ரூமில் இருக்கும் அந்த ஸ்டீல் பீரோவைக் காலி செய்யுங்கள். எந்த பீரோ என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும், மாதச் சந்தா கட்டும் ஒவ்வொரு பையனுக்கும் தெரியும். கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான்.

இத்தனைக்கும் நான் டி.பார்ம் படித்தவள். பதினொரு வருடமாக மருந்துக் கவுண்டரில் நிற்கிறேன். 2 எம்.எல். சிரிஞ்ச் பத்து கொடுங்க என்று கேட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கும் பையன்களை எனக்குப் பழக்கம். சிலர் தமாக்சிஃபென் கேட்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை அது. யாருக்குப்பா என்றால், "அம்மாவுக்கு" என்பான், கையில் இருக்கும் துண்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டே. சீட்டில் மருந்தின் பெயர் பிழையில்லாமல் இருக்கும், டாக்டர் பெயர் இருக்காது. நாலு பையன்கள் நாலு வெவ்வேறு நாளில் கொண்டுவந்த சீட்டில் ஒரே கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். டாக்டரைப் பார்த்துட்டு வாப்பா என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவேன். யாரோ வீட்டுப் பையன்தானே.

என் தம்பிக்கு 21 வயது. காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு உயரம் 170 செ.மீ. வேண்டும். அவன் 172. எங்கள் வீட்டு நிலைப்படியில் வருடா வருடம் அப்பா பென்சிலால் போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன, கடைசிக் கோடு அதைச் சொல்லும். மார்பு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். விரிவதில் அவனுக்குக் குறையில்லை. சும்மா நிற்கும்போதுதான் 79. அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகத்தான் உங்களில் ஒருவருடைய ஜிம்மில் சேர்ந்தான்.

இரண்டே இரண்டு சென்டிமீட்டர். ஒல்லிப் பையன், முதல் தடவையாக எடை தூக்குகிறவன். ஐந்தாறு மாதம் ஒழுங்காகத் தண்டால், பார், பெஞ்ச் பிரஸ், வாரா வாரம் கொஞ்சம் எடை கூட்டி, வீட்டில் முட்டையும் சுண்டலும், ராத்திரி போனை வைத்துவிட்டுத் தூக்கம். புதிதாக வருகிறவன் உடம்பு முதல் வருடம் வளர்கிற வேகத்தில் அப்புறம் வளர்வதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாத கணக்கா? ஆனால் அவனுக்கு மூன்றாவது வாரமே சொல்லப்பட்டது இதுதான்: "நேச்சுரலா போனா ரெண்டு வருஷம் ஆகும் தம்பி. ஒரு கோர்ஸ் போட்டா மூணு மாசம்."

கோர்ஸ். டைப்ரைட்டிங் கோர்ஸ் மாதிரி. 12 வாரம், 14,000 ரூபாய். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் ஊசி, அதே ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த நாண்ட்ரோலோன் ஊசி, அப்புறம் லேபிள் இல்லாத ஜிப் கவரில் இளஞ்சிவப்பு மாத்திரை. ஆஞ்சநேயர் படம் மாட்டிய சுவருக்குப் பின்பக்கம், திரைக்குள் வைத்து மாஸ்டரே ஊசி போட்டுவிட்டிருக்கிறார். 10 எம்.எல். குப்பி ஒன்று, பையன்கள் ஐந்து பேர். சிரிஞ்ச் தனித்தனிதான் என்று தம்பி சத்தியம் செய்கிறான். நம்புகிறேன். ஆனாலும் எச்.ஐ.வி.க்கும் இரண்டு வகை மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வரும்வரை அம்மா முகத்தைப் பார்க்காமல் நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் சுற்றி வந்தோமே, அந்த இரண்டு நாளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

ஊசி வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்யும். அமெரிக்காவில் 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. வாரம் 600 மி.கி. டெஸ்டோஸ்டீரோன், பத்து வாரம். ஊசி போட்டுக்கொண்டு உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை மூன்று கிலோ கூடியது. ஊசி இல்லாமல் உழைத்தவர்களுக்கு இரண்டு கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஆறு கிலோ. அதனால் பையன்கள் ஏன் மயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அங்கே மருந்து என்னவென்று கொடுத்தவருக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியும், பக்கத்தில் டாக்டர் இருந்தார்.

என் தம்பிக்கும் வேலை செய்தது. 79 என்பது 88 ஆனது. அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கூட "வாங்க இன்ஸ்பெக்டர்" என்று கேலி பண்ணினேன்.

எழுத்துத் தேர்வில் தேறினான். உடல் அளவுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு வந்து ஆறு அங்குலக் கிரேப் பேண்டேஜ் இரண்டு கேட்டான். ஓடும்போது முட்டி பிடிச்சுக்கிச்சுக்கா என்றான். ஊழியர் தள்ளுபடி போட்டு நான்தான் பில் அடித்தேன்.

அன்றைக்கு விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினான். ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டான். "உயரம் பத்தலைன்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அம்மா போலீஸ் இலாகாவையே சபித்தாள். நான் நிலைப்படிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி மொட்டை மாடியில் பிடித்துக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சட்டையைக் கழற்றினான். உள்ளே இரண்டு பனியன். அதற்கும் உள்ளே, மார்பைச் சுற்றி இறுக்கி, நான் பில் போட்ட அதே பேண்டேஜ். பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் வீங்கி, காம்புக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டியாக ஒரு கட்டி. "வரிசையில எல்லாரும் சட்டையைக் கழட்டிட்டாங்கக்கா. டேப் வெச்சு அளக்கறாங்க. என்னால முடியல." அவன் முறை வருவதற்கு ஆறு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு விலகி வந்திருக்கிறான். அளந்திருந்தால் 88 வந்திருக்கும், மாஸ்டர்.

டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அளவுக்கு மிஞ்சிய ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை உடம்பு பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். வெளியிலிருந்து நிறைய வருகிறதே என்று மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும், விந்தகம் வேலையை விட்டுவிடும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்தினாலும் உடனே திரும்பாது, மாதக்கணக்கில் ஆகும். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அந்தத் தமாக்சிஃபென் மாதிரி மாத்திரையில் பார்த்திருக்கலாம், இப்போது திசு இறுகிவிட்டது, அறுவை சிகிச்சைதான் என்றார். கல்யாணம், குழந்தை பற்றி அவர் ஏதோ கேட்க ஆரம்பித்தார். தம்பி தரையைப் பார்த்தான். நான் எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அந்த ஜிம்முக்கும் போனேன். குறை சொல்லக்கூடாது, நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். "அவனாத்தான் மேடம் கேட்டான். 21 வயசு. நான் கட்டாயப்படுத்தலையே" என்றார் மாஸ்டர். சரி, கேட்டான். என்னிடமும்தான் தினம் யாராவது எதையாவது கேட்கிறார்கள். இந்த ஊசிகள் எச் பட்டியலில் இருப்பவை, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. கேட்டார்கள் கொடுத்தேன் என்று நான் சொன்னால் லைசென்ஸ் போய்விடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, போவதற்கு லைசென்ஸே இல்லை.

புரதப் பவுடரையும் சேர்த்துத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பாட்டிக்கு டப்பாவில் வருவதெல்லாம் விஷம், அவளோடு சண்டை போட்டவளே நான்தான். வே புரோட்டீன் பாலிலிருந்து வருவது. தசை பலத்துக்கு எடுக்கும் கிரியாட்டின் நாளைக்கு 3 முதல் 5 கிராம் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். இரண்டும் ஸ்டீராய்டு கிடையாது. ஆனால் சீல் உடைத்த டப்பாவை, பில் இல்லாமல், பாதி விலைக்கு என்று தள்ளிவிடுகிறீர்களே, அதற்குள் என்ன இருக்கிறது? 2024-இல் கேரள டாக்டர்கள் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட புரத அளவு பத்தில் ஏழு டப்பாவில் பொய். சீல் போட்ட டப்பாவின் கதையே இது. ஒரு ஸ்கூப் தருவதாகச் சொல்லும் 24 கிராம் நாலு முட்டையில் இருக்கிறது. முட்டைக்கு போலி வராது என்று நம்புகிறேன். நீங்கள் தொடங்காத வரை.

மன்னிக்கவும், அது அதிகம்.

தப்பு உங்களுடையது மட்டும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள். அந்த பீரோ தானாக நிரம்புவதில்லை. பில் இல்லாமல் நிரப்புகிறவர் என் தொழில்காரர்தான். ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் சரிந்தால் போடுகிற மெஃபென்டர்மினைப் பையன்கள் 'பம்ப்' வருகிறது, தசை புடைக்கிறது என்று போட்டுக்கொள்கிறார்கள், அதுவும் ஒரு மருந்துக் கடை வழியாகத்தானே வந்திருக்கும். மூன்றே மாதத்தில் சிக்ஸ் பேக் என்று பேட்டி கொடுக்கும் நடிகர்கள் இருக்கிறார்கள். 81 செ.மீ. கேட்கும் அரசாங்கம் அதை வளர்க்க எங்கள் பக்கத்தில் வைத்தது பூங்காவில் நாலு இரும்புக் கருவி, இரண்டு துருப்பிடித்துவிட்டது, ஒன்றில் துணி காய்கிறது. தேசமே இந்த அழகில்தான் இருக்கிறது. 2023-இல் ஐயாயிரத்துக்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில் ஊக்கமருந்து சிக்கிய விகிதத்தில் இந்தியாவுக்குத்தான் முதலிடம், 5,606 மாதிரிகளில் 213. தங்கப் பதக்கம் வராத ஊருக்கு இதிலாவது முதல் பரிசு. அதுவும் சோதனை விளையாட்டு வீரர்களுக்கு மட்டும். எங்கள் தெருப் பையனை யார் சோதிக்கிறார்கள், அவன் அக்காவே சோதிக்கவில்லையே.

எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது பீரோவைத்தான்.

அண்ணன்மார்களே, தயவுசெய்து ஜிம்முக்குள் ஊசி, மாத்திரை விற்பனையை நிறுத்துங்கள். போட்டி நடக்கும் அன்று மைக் உங்கள் கையில்தான் இருக்கும். பரிசு கொடுப்பதற்கு முன்னால், எங்கள் சங்கத்தைச் சேர்ந்த ஜிம்களில் இனி ஊசி கிடையாது என்று ஒரு வரி சொல்லுங்கள். ஏற்கெனவே கோர்ஸில் இருக்கும் பையன்களைத் துரத்திவிடாதீர்கள். பயந்துபோய் யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், என் தம்பி பேண்டேஜைச் சுற்றிக்கொண்ட மாதிரி. அவனவனுக்கு என்ன போட்டீர்கள், எத்தனை வாரம் போட்டீர்கள் என்று எழுதிக் கையில் கொடுத்து டாக்டரிடம் அனுப்புங்கள். தம்பியின் டாக்டர் அந்த இளஞ்சிவப்பு மாத்திரை என்னவென்று மூன்று முறை கேட்டுவிட்டார். ஈரல் ரிப்போர்ட் சரியில்லை. மாஸ்டர் இன்றுவரை பெயர் சொல்லவில்லை.

எங்கள் அப்பாவும் இதே ஊரில் தேகப்பயிற்சி சாலைக்குப் போனவர். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் ஆளுக்கொரு கைப்பிடி கொடுப்பாராம் அந்த வாத்தியார். அதற்குக் காசு வாங்க மாட்டாராம். உங்களை அவ்வளவு தூரம் திரும்பிப் போகச் சொல்லவில்லை. சந்தா வாங்குங்கள், புரோகிராம் எழுதிக் கொடுத்து அதற்கும் வாங்குங்கள், பில்லோடு பவுடர் விற்றுக்கூடச் சம்பாதியுங்கள். பீரோவை மட்டும் காலி செய்யுங்கள்.

நன்கொடை விஷயம். முதலாளி 500 எழுதுவார், அது அவர் இஷ்டம். மேடையில் அந்த ஒரு வரியைச் சொல்வதாக இருந்தால் என் சம்பளத்திலிருந்து 2,000 நான் தருகிறேன். தினமும் மாலை நாலிலிருந்து ராத்திரி பத்து வரை கவுண்டரில் நான்தான் இருப்பேன். ரசீதுப் புத்தகத்தோடு வரும்போது அந்த மாத்திரையின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். கையெழுத்து எனக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மெடிக்கல் கவுண்டரில் நிற்கும் ஒரு அக்கா