மே மாதச் சம்பளம் எங்கே? தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு செவிலியரின் திறந்த மடல்

டெல்டா மாவட்டங்களின் தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். பணி நியமன ஆணை. பெயர் சரி, செவிலியர் கவுன்சில் பதிவு எண் சரி, சம்பளம் போன வருடம் வாங்கிய அதே 9,500 ரூபாய். பணியில் சேர்ந்த தேதி மட்டும் இந்த ஜூன் என்று இருந்தது. ஏழு வருடமாக அதே முதலுதவி அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேர்ந்தவள் என்று எழுதித் தருகிறார்கள். ஏழு முறை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை போடவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏப்ரல் கடைசியில் எங்கள் கணக்கை முடித்துவிடுகிறீர்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. "பிள்ளைகளே இல்லாதபோது சிஸ்டருக்கு என்ன வேலை?" என்று எங்கள் மேலாளர் கேட்டார். அதே விடுமுறையில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் வருகிறது. வர வேண்டியதும்தான். எங்களை மட்டும் எந்தக் கணக்கில் பிரித்தீர்கள்?

மே மாதம் இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்வரை வயலில் வேலை இல்லை. என் கணவர் டிராக்டர் ஓட்டுகிறார். உழவு தொடங்காமல் அவர் கையில் காசு புழங்காது. ஆக, வீட்டின் இரண்டு வருமானமும் ஒரே மாதத்தில் நின்றுவிடும். மகளிர் குழுக்கடன் தவணை மட்டும் வாரம் தவறாமல் வரும். மகளுக்கு நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் அதே மாதத்தில்தான் வாங்கியாக வேண்டும். வருடா வருடம் மே பிறந்தால் என் ஒன்றரைப் பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போகும், தை அறுவடைக்கு அப்புறம் திரும்பும். போன மே மாதம் போனது இன்னும் திரும்பவில்லை. அதனால் இந்த மே மாதம் தோட்டைக் கழற்றினேன். பள்ளி திறந்த அன்று காதில் வேப்பங்குச்சியோடுதான் வந்தேன். தலைவலி என்று வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "சிஸ்டர், தோடு எங்கே?" என்று கேட்டாள். மாத்திரையைக் கையில் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினேன். வேறு என்ன சொல்ல?

அந்த மே மாதம் முழுக்க, சேர்க்கைக்காகப் பள்ளி வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில் என் படம் இருந்தது. வெள்ளைச் சீருடையில் நிற்கிறேன். கீழே 'முழுநேரச் செவிலியர்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோருக்கு, அந்தச் செவிலியருக்கு அந்த மாதம் சம்பளமே இல்லை என்பது தெரியாது.

போன ஆண்டு காலைப் பிரார்த்தனையில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணிக்கவும், பல் கிட்டாமல் இருக்க வாயில் ஸ்பூன் வைக்கவும் நான்கு பேர் ஓடிவந்தார்கள். எல்லோரையும் விலக்கி, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து. மூன்றாவது நிமிடத்தில் நின்றது. அதற்குள் 108க்குச் சொல்லியாகிவிட்டது. ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் உள்ள பள்ளியில் இதைச் செய்ய இருப்பது நான் ஒருத்தி. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் மாற்று ஆள் கிடையாது. விடுப்பு எடுத்தால் அன்றைய சம்பளம் போய்விடும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த பகுதி இது. அதற்கப்புறம் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகைகளைப் பிரித்தோம். கூரையைப் போலவே, அதன் கீழே பிள்ளையைக் கவனிக்க இருக்கும் ஆளும் பாதுகாப்பில் சேர்த்திதான்.

ஒவ்வொரு ஜூனிலும் தேதியை மாற்றுவதில் எங்களுக்குப் போவது மே மாதச் சம்பளம் மட்டும் இல்லை. வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) பொதுவாகத் தொடர்ந்து ஐந்து வருடச் சேவை வேண்டும். மாதச் சம்பளத்தை இருபத்தாறால் வகுத்து, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று போடும் கணக்குப்படி என் ஏழு வருடத்துக்கு 38,000 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. உங்கள் தாளில் நான் ஒரு வருடம்கூட முடித்ததில்லை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் வருங்கால வைப்புநிதி பிடித்து, அதே பங்கை நிர்வாகமும் கட்ட வேண்டும். ஒப்பந்த ஊழியர் என்று பெயர் வைத்தால் அது இல்லாமல் போகாது. மருத்துவமனைச் செவிலியர்களுக்காவது, உச்ச நீதிமன்றம் சொல்லி 2016இல் அமைந்த நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பள்ளியில் இருக்கும் எங்களைப் பற்றி அதில் பேச்சில்லை. நாங்களும் அதே மூன்று வருடம் படித்து, அதே கவுன்சிலில் பதிந்தவர்கள்தான்.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நடத்துவதில் உங்களுக்கும் சிரமம் உண்டு. கொரோனாவில் கட்டணம் வராமல் நீங்கள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அந்த நாட்களில் பாதிச் சம்பளத்துக்கு நாங்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. 2021 ஜனவரியில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்தபோது வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் காய்ச்சல் பார்த்தோம். அதனால் கேட்கிறேன்: மே மாதச் சம்பளத்தைக் கொடுங்கள். பன்னிரண்டு மாதமும் எங்களை ஊழியர்களாக வைத்திருங்கள். வைப்புநிதியில் சேருங்கள்.

அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தயவுசெய்து நான் உண்மையில் சேர்ந்த தேதியைப் போட்டுக் கொடுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிச் செவிலியர் ஒருவர்